சிவப்புத் தட்டில் கடைசித் துண்டு

அத்தியாயம் 14

கர்னல் தியென் ஒரு வீட்டுக்குச் சாப்பிட வந்தால் அவருக்கு முன்னால் அவருடைய பதக்கங்களின் சத்தம் வந்துவிடும். சனிக்கிழமை மதியம், கலிபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டரில் கியெம் வீட்டு வாசலில் அந்தச் சத்தம் கேட்டபோது லாய் அடுப்படியில் அரிசிமாவுத் தோசை போன்ற முதல் பான் ஸெயோவைச் சட்டியில் மடித்துக்கொண்டிருந்தாள். கரண்டி ஒரு கணம் அப்படியே நின்றது.

வந்துவிட்டார்.

ஏழு வருடமாக இந்த வாசலை மிதிக்காத மனிதர். அதற்கு முன் அவரும் லாயின் கணவர் கியெமும் ஒரே இயக்கம்: சுதந்திர வியட்நாம் மீட்பு முன்னணி. தெற்கு வியட்நாம் விழுந்த நாளை நினைக்கும் ஒரு கறுப்பு ஏப்ரல் கூட்டத்தில், போரில் மாண்டவர்களுக்கான ஒரு நிமிட மௌனத்தை யார் அறிவிப்பது என்று இருவரும் மேடையில் நாற்பது நிமிடம் கத்தினார்கள். மறுநாள் முன்னணி இரண்டாயிற்று. கியெமிடம் இருப்பது சுதந்திர வியட்நாம் மீட்பு முன்னணி. கர்னலிடம் இருப்பது சுதந்திர வியட்நாம் மீட்பு முன்னணி (அசல்). அன்றிலிருந்து ஹனோயின் கம்யூனிஸ்ட் அரசாங்கத்தைத் திட்டிய நேரம் போக மீதி நேரத்தில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். மீதி நேரம்தான் அதிகம்.

இன்று அவர்களை ஒரே மேஜைக்கு இழுத்து வந்தது லுவான்.

லுவான் வியட்நாமின் பென் ட்ரே ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். ஆற்றில் மீன்கள் வயிறு தெரிய மிதந்ததைப் படமெடுத்துப் போட்டு, எந்த ஆலைத் தண்ணீர் என்று கீழே ஒரு வரி கேட்டான். ஒரு வருடமாக உள்ளே இருக்கிறான். திங்கள் காலை அங்கே தீர்ப்பு. இங்கே அது ஞாயிறு மாலை. நீதிமன்றத்தில் அயல்நாட்டுத் தூதரக ஆள் ஒருவர் சும்மா வந்து உட்கார்ந்தால்கூட பன்னிரண்டு வருடம் ஐந்தாகும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. தொகுதி எம்.பி. அம்மா தூதரகத்துக்கு ஒரு போன் போடத் தயார். ஆனால் ஒருமுறை ஒரு முன்னணியோடு படம் எடுத்துக்கொண்டதற்கு இன்னொரு முன்னணி ஒரு வாரம் அலுவலக வாசலில் நின்று அவரைத் துரோகி என்றது. அதனால் இந்தத் தடவை, இரண்டு முன்னணியும் ஒரே படத்தில் நின்றால்தான் போன்.

எம்.பி. அலுவலகத்திலிருந்து மூன்று மணிக்கு மரிசா வருகிறாள். அவள் லாயின் மகள் குயெனோடு பள்ளியில் படித்தவள். அதுவரை இரண்டு பெரிய மனிதர்களும் சண்டை போடாமல் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

லாயின் மடியில் இருந்த நெருப்பு வேறு. லுவான் அவளுடைய தம்பி தோயின் மகன். இந்த வீட்டில் மூன்று பேரைத் தவிர யாருக்கும் அது தெரியாது. லாய் படகேறிப் போன வருடமே, ‘மகள் கடலில் முழுகிவிட்டாள்’ என்று அவள் அப்பா ஊர்ப் பதிவில் எழுதிக் கொடுத்துவிட்டார். அப்போது அப்படித்தான் எல்லா வீட்டிலும் செய்தார்கள். அமெரிக்காவில் உயிரோடு ஒரு அத்தை, அவளுக்கு மீட்பு முன்னணித் தலைவர் புருஷன் என்று வெளியே வந்தால் லுவானின் மீன் படம் சதித்திட்டமாகிவிடும். மைக் கிடைத்தால் மூச்சு வாங்காமல் ஒரு மணி நேரம் பேசுகிற கியெம், இதை மட்டும் ஒரு வருடமாக வாய்க்குள் அடக்கி வைத்திருக்கிறார். இத்தனை வருடத்தில் லாய் அவரை நினைத்து அசந்துபோனது அதற்காகத்தான்.

“அம்மா, கூடத்துக்கு வா. கொடி வணக்கமாம்,” என்றாள் குயென்.

“சாப்பாட்டுக்கு முன்னாடியா?”

“சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு தடவை. கர்னல் பெரியப்பா பின்னாடியும் கேப்பார் போல.”

கூடத்தில் கர்னல் முழுச் சீருடையில் நின்றிருந்தார். நாடு விழுந்தபோது லெப்டினன்டாகக் கப்பலேறியவர். கலிபோர்னியா வந்தபின் ஒரு குண்டும் சுடாமல் கேப்டன், மேஜர் என்று படிப்படியாக உயர்ந்து, பிளவுக்குப் பிறகு கர்னல் ஆனார். சுவரில் இருந்த, மூன்று சிவப்புக் கோடு போட்ட பழைய நாட்டின் மஞ்சள் கொடியை அவர் ஏற இறங்கப் பார்த்தார்.

“கொஞ்சம் சாஞ்சிருக்கு தம்பி.”

“சுவரு சாஞ்சிருக்கு அண்ணே. கொடி நேராத்தான் இருக்கு,” என்றார் கியெம்.

லாய் குறுக்கே வந்து, “ஆறிடும், உக்காருங்க,” என்றாள்.

யார் எங்கே உட்காருவது என்பதற்குக் குயென் ஏற்கெனவே வழி செய்திருந்தாள். வட்ட மேஜை ஒன்றைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியிருந்தாள். தலைமாடு கால்மாடு இல்லாத மேஜையைக் கர்னல் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் கொடிக்கு நேராக உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன முக்காலியை எடுத்து விரித்து, போனை அதில் மாட்டினார்.

“எதுக்கு அண்ணே?” என்றாள் லாய்.

“லைவ் போடறேன் தங்கச்சி. ரெண்டு முன்னணி ஒரு மேஜையில உக்காருது. நாளைக்குச் சரித்திரம் எழுதறவனுக்கு ஆதாரம் வேணாமா?”

“வாய் நிறைய வச்சுக்கிட்டு சரித்திரத்துல வரணுமா?” என்றாள் குயென், அப்பா காதில் மட்டும் விழும்படி. கியெம் தலைமுடியைக் கோதிக்கொண்டு போனைப் பார்த்துப் புன்னகைத்தார்.

சாப்பாடு, சொல்லக்கூடாது, நன்றாகவே நடந்தது. மொறுமொறுத்த பான் ஸெயோவைப் பிய்த்து, கடுகுக் கீரையில் வைத்து, வாழைக்காய்ச் சீவலும் புளிப்பு நட்சத்திரப் பழமும் சேர்த்துச் சுருட்டி மீன் சாஸில் முக்கும்போது யாருக்கும் கொள்கை விளக்கம் செய்ய வாய் காலியாக இல்லை. நட்சத்திரப் பழம் கொல்லை மரத்தில் காய்த்தது. லாய் அதை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, வெள்ளைத் தட்டெல்லாம் பான் ஸெயோவுக்குப் போய்விட்டதால், டெட் புத்தாண்டுப் பண்டிகைக்கு வாங்கிய பிளாஸ்டிக் தட்டில் அடுக்கியிருந்தாள்.

கர்னல் ஐந்தாவதைச் சுருட்டியபோது, “தங்கச்சி கைக்கு ஒரு பதக்கம் குத்தணும்,” என்றார்.

“உங்ககிட்டதான் நிறைய இருக்கே அண்ணே,” என்றார் கியெம். கர்னல் சிரித்தார். கியெமும் சிரித்தார். லாய் குயெனைப் பார்த்தாள். மகள் மேஜைக்கு அடியில் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள்.

அப்படியே எழுந்திருந்தால் கதை இங்கே நின்றிருக்கும். எல்லோரும் மரியாதை தெரிந்தவர்களாகப் போனதுதான் வினை.

பொதுத் தட்டில் கடைசித் துண்டை எடுக்கிறவன் வளர்ப்பு சரியில்லாதவன். இது பென் ட்ரேயிலும் அப்படித்தான், வெஸ்ட்மின்ஸ்டரிலும் அப்படித்தான். பழத் தட்டில் ஒரே ஒரு வில்லை மீந்தது.

“எடுத்துக்கோ தம்பி.”

“ஐயோ, பெரியவங்க நீங்க இருக்கும்போது நானா?”

“குயென், நீ எடும்மா.”

“போதும் பெரியப்பா.”

ஏழு வருடத்துக் கோபமெல்லாம் அந்த ஒரு வில்லையில் கரைந்துபோன மாதிரி இருந்தது. ஆளுக்கு ஒரு தடவை தட்டை அடுத்தவர் பக்கம் தள்ளினார்கள். தட்டு ஊர்ந்து ஊர்ந்து கடைசியில் போனுக்கு நேராகப் போய் நின்றது.

கர்னல் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பார்க்கிறவர்கள் எழுதுவதை உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

“‘கர்னல் வாழ்க.’ நன்றி. ‘ஒற்றுமை ஓங்குக.’ நன்றி, நன்றி. ‘கர்னல் உடம்பு இளைச்சிருக்கார்.’ இல்லப்பா, சட்டை பெருசு. ‘கர்னல், உங்க முன்னாடி எதுக்கு அந்தக் கொடி?’”

அவர் சுவரைப் பார்த்தார். “எந்தக் கொடி? நம்ம கொடிதானே?”

“‘சுவத்துல இல்ல. மேஜையில.’”

நாலு பேரும் மேஜையைப் பார்த்தார்கள். சிவப்புத் தட்டு. நட்ட நடுவில், ஐந்து முனையும் நேராக நிற்க, மஞ்சளாக ஒரு நட்சத்திரம்.

ஐந்து வில்லை இருந்தபோது பழம். ஒன்று ஆனதும் ஹனோயின் கொடி.

கர்னல் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தார். “தம்பி. இது என்ன வேலை?”

“என்ன வேலைன்னா? தட்டைத் தள்ளினது யாரு? நீங்கதானே கேமராவுக்கு நேரா தள்ளினீங்க?”

“என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சு, தின்ன வச்சு, அந்தக் கொடிக்கு முன்னாடி படம் பிடிக்க வைக்கற. ஏழு வருஷமா நான் சொன்னேன், யாரும் கேக்கல. உங்க முன்னணியில ஹனோய் ஆளு இருக்கான்னு.”

“எங்க முன்னணியில மொத்தம் பதினோரு பேரு. அதுல ஒம்போது பேரு துணைத்தலைவர். ஆளு ஒளிஞ்சுக்க எங்க இடம் இருக்கு?”

“அப்பா,” என்றாள் குயென், “அதை எடுத்து வாயில போடுங்க.”

கியெம் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. “எடுத்தா, அது கொடின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.”

“பெரியப்பா, நீங்களாவது?”

“நானா? நான் அதை எடுத்து உள்ள விடவா? என் உடம்புக்குள்ளயா?” கர்னல் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பதக்கங்கள் குலுங்கின.

ஆக, எடுக்கவும் முடியாது, வைக்கவும் முடியாது. தட்டைத் திருப்பினால் மறைக்கிறான் என்பார்கள். போனை அணைத்தால் ஓடுகிறான் என்பார்கள். இரண்டு இயக்கத் தலைவர்கள், கையளவு புளிப்புக் காயின் முன்னால் கைகட்டி நின்றார்கள். லைவில் தலை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று.

அரை மணிக்குள் வாசலில் கார்க் கதவுகள் அடிபடும் சத்தம் கேட்டது. இந்த ஊரில் ஆர்ப்பாட்டத்துக்கு யாரும் நோட்டீஸ் அடித்து ஆள் சேர்க்க வேண்டியதில்லை. அட்டைகளும் கொடிகளும் எல்லோர் டிக்கியிலும் தயாராக இருக்கும். கர்னலின் ஆட்கள் கியெம் ஒழிக என்றார்கள். கியெமின் துணைத்தலைவர்கள் வந்து கர்னல் ஒழிக என்றார்கள். இரண்டு பக்கமும் ஒரே மஞ்சள் கொடியைப் பிடித்திருந்தார்கள்.

லாய் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். மணி இரண்டே கால். பென் ட்ரேயில் இன்னும் விடிந்திருக்காது. லுவான் கம்பிக்குப் பின்னால் பாயில் படுத்திருப்பான். இல்லை, தூக்கம் வராமல் உட்கார்ந்திருப்பான். முக்கால் மணியில் மரிசா வந்து இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள். அங்கே கோர்ட்டில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். ஒரு பழத்துக்காக.

அவள் அடுப்படித் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு மேஜைக்கு வந்தாள். தட்டில் இருந்த நட்சத்திரத்தை இரண்டு விரலால் எடுத்தாள். கேமராவைப் பார்த்து வாயில் போட்டு மென்றாள்.

“லாய்,” என்றார் கியெம்.

அவள் மென்று முடித்தாள். முகம் சுளித்தது. நல்ல புளிப்பு.

“எங்க வீட்டு மரத்துல காய்ச்சது,” என்றாள் போனைப் பார்த்து. “விளிம்பு கொஞ்சம் கறுத்திருந்துச்சு, அதான் யாரும் எடுக்கல. இப்ப தட்டு காலி. கழுவப் போறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. திங்கக்கிழமை ஒரு வாத்தியாருக்குத் தீர்ப்பு சொல்றாங்க. செத்த மீனைப் படம் எடுத்ததுக்கு. லுவான்னு பேரு. சின்ன வயசுலேருந்தே அவனுக்கு மீனுன்னா…”

கியெமின் கையிலிருந்த கிண்ணம் தரையில் விழுந்து உடைந்தது. விழவில்லை, அவர் விட்டார். லாய்க்குப் புரிந்தது.

“…அவருக்கு மீனுன்னா இஷ்டமாம், யாரோ சொன்னாங்க. வாசல்ல கத்தறவங்க அந்தப் பேரையும் ஒரு தடவை கத்துங்க. தொண்டை ஏற்கெனவே திறந்துதானே இருக்கு.”

வாசலில் எல்லோரும் அவரவர் போனில் அதே லைவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோஷம் நின்றது. எதற்காக வந்தோம் என்பதில் ஒரு சின்னக் குழப்பம். வந்ததற்கு எதையாவது கத்திவிட்டுத்தானே போக வேண்டும்? யாரோ ஒரு கிழவர், “லுவானை விடு,” என்றார். பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள். மிச்சப் பேர் பழையதையே தொடர்ந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மரிசா காரை விட்டு இறங்கினாள், கால் மணி முன்னதாகவே. குயென் வாசலுக்கு ஓடினாள்.

“இத்தனை பேரா? ரெண்டு முன்னணியும் சேர்ந்தா வந்திருக்காங்க?” வியட்நாம் மொழி தெரியாத மரிசாவின் கண்கள் விரிந்தன.

“ஆமா. ரெண்டும்தான்.”

“அந்தப் பக்கம் என்ன சொல்றாங்க?”

“லுவானை விடு.”

“இந்தப் பக்கம்?”

இந்தப் பக்கம், ‘கியெம் ஒரு கைக்கூலி’ என்று தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. “அதேதான்,” என்றாள் குயென். “வேற ராகத்துல.”

படம் எடுத்தார்கள். நடுவில் கியெமும் கர்னலும் தோளோடு தோள் நின்றார்கள். யார் வலப்பக்கம் என்ற தகராறு வருவதற்குள் மரிசா கிளிக் செய்துவிட்டாள்.

மாலை வெயில் சாயும்போது கூடத்தில் புதிய உலகம் ஒன்று பிறந்திருந்தது. லாய் நட்சத்திரத்தைத் தின்ற அந்த லைவை ஆயிரக்கணக்கில் பகிர்ந்திருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் கூப்பிட்டார்கள். கர்னலும் கியெமும் ஒரே சோபாவில் உட்கார்ந்து, வருகிற கறுப்பு ஏப்ரல் கூட்டத்தில் மைதானத்தில் எல்லோரும் சேர்ந்து நட்சத்திரம் தின்பது என்று முடிவு செய்துகொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு சிவப்புத் தட்டு. தட்டின் பின்பக்கம் எந்த முன்னணி பெயர் மேலே வருவது என்பதில் மட்டும் பேச்சு கொஞ்சம் சூடாகியிருந்தது.

“தங்கச்சி, இன்னொரு தடவை தின்னணும்,” என்றார் கர்னல். “மத்தியானம் வெளிச்சம் சரியில்ல. நீ மூஞ்சி வேற சுளிச்சுட்ட. புரட்சியில மூஞ்சி சுளிக்கக்கூடாது.”

கழுவி வைத்த சிவப்புத் தட்டில் அவரே ஒரு வில்லையை நறுக்கி நடுவில் வைத்திருந்தார். ஐந்து முனையும் சரியாக நிற்கும்படி அதை விரலால் திருப்பிக்கொண்டிருந்தார்.

லாயின் போன் அதிர்ந்தது. தெரியாத எண். அடுப்படிக்குப் போய் எடுத்தாள்.

“அக்கா.” தோய். குரல் கிசுகிசுத்தது. “பக்கத்து வீட்டு போன்லேருந்து பேசறேன். சீக்கிரம் வச்சுடணும்.”

“சொல்லுடா.”

“விடிஞ்சதுமே வந்தாங்க. ஒரு வீடியோ காட்டினாங்க. நீ தட்டுலேருந்து நட்சத்திரத்தை எடுத்துத் தின்னறது. கொடியை அவமானப்படுத்தறாளே, இந்தப் பொம்பள யாருன்னு கேட்டாங்க. லுவான் பேரைச் சொல்றாளே, அவ உனக்கு என்ன உறவுன்னு கேட்டாங்க.”

அங்கேயும் அவர்கள் கண்ணுக்கு அது பழமாகத் தெரியவில்லை.

“நீ என்ன சொன்ன?”

“யாருன்னே தெரியாதுன்னேன். உனக்கு ஒரு அக்கா இருந்தாளேன்னான் ஒருத்தன். அவ கடல்ல செத்துட்டான்னு சொல்லிட்டேன். கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டேன்.” தோய் குரலை இன்னும் தாழ்த்தினான். “சரியாத்தான் சொன்னேனாக்கா?”

“சரியாத்தான் சொன்ன.”

“பொய்யின்னு தெரிஞ்சா என்னையும் அவனோட சேத்துடுவாங்களாம்.”

“தெரிய வராது. வச்சுடு. போய்ச் சாப்பிடு.”

அவள் திரும்பியபோது வாசற்படியில் கியெம் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

“தோய் என்னை முழுகடிச்சுட்டான்,” என்றாள் லாய். “இனிமே நான் யாருக்கும் அத்தை கிடையாது.”

அவள் குழாயைத் திறந்து சட்டியைக் கழுவ ஆரம்பித்தாள்.

பின்வாசலிலிருந்து குயென் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டே ஓடிவந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. “அம்மா, மரிசா பேசினா. எம்.பி. ராத்திரிக்குள்ள தூதரகத்துக்குக் கூப்பிடறாங்களாம். ஒண்ணே ஒண்ணு கேக்கறாங்க. லுவானோட சொந்தக்காரங்க யாராவது ஒருத்தர் கேமரா முன்னாடி வந்து, நான்தான் அவன் சொந்தம்னு ரெண்டு வார்த்தை சொல்லணுமாம். அது இருந்தா உடனே போன். இல்லாட்டி…”

அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு அப்படியே இறங்கியது. “என்னாச்சு?”

“நான் சொந்தம்னு சொன்னா உங்க மாமாவும் உள்ள போவான்,” என்றாள் லாய். கூடத்திலிருந்து கர்னலின் குரல் வந்தது. “தங்கச்சி, எல்லாம் ரெடி. வெளிச்சம் பிரமாதமா இருக்கு.”

லாய் நகரவில்லை. கியெம்தான் போனார். முக்காலியில் போன், விளக்கு வெளிச்சம், சிவப்புத் தட்டு, நடுவில் ஒற்றை நட்சத்திரம். அவர் குனிந்து அந்தக் கடைசித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கண்ணில் நீர் வரும் புளிப்பு. நின்றபடியே மென்று விழுங்கினார். பிறகு தட்டைக் கவிழ்த்து வைத்தார்.

கர்னல் பதறிப்போனார். “என்ன தம்பி பண்ற? நான் இன்னும் கேமராவே ஆன் பண்ணலையே.”

“தெரியும் அண்ணே,” என்றார் கியெம்.

அடுப்படியில் குயெனின் போன் மறுபடி அடித்தது. திரையில் மரிசாவின் பெயர். மகள் அதை எடுக்காமல் அம்மாவிடம் நீட்டினாள். லாய் ஈரக் கையோடு அதை வாங்கிக்கொண்டாள்.